விசுவாசம் தள்ளாடும் நாட்களுக்கு ஒரு வழிகாட்டி: யாங்கோனிலிருந்து

கொரோனா அலை அடித்த 2021 ஜூலையில் யாங்கோனில் ஆக்சிஜன் உருளையோடு வரிசையில் நின்றவர்களுக்கு அந்த மாதத்தைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. நானும் நின்றேன். விடியற்காலை ஐந்து மணிக்குப் போய், உருளையை நிரப்பிக்கொண்டு பதினொரு மணிக்கு வீடு திரும்பியபோது பெரியக்கா போய்விட்டிருந்தார். நிரம்பிய உருளை மூன்று நாள் கூடத்திலேயே நின்றது. அப்புறம் பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டுக்குக் கொடுத்தோம்.

அதற்கு முன் பதினைந்து வருஷமாக எங்கள் தமிழ்ச் சபையில் வீட்டுக்கூட்டம் நடத்தியவன் நான். "கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்று எத்தனையோ வீடுகளில் சொல்லியிருக்கிறேன். அந்த ஜூலைக்குப் பிறகு ஏறக்குறைய இரண்டு வருஷம் அந்த வார்த்தை என் வாயில் வரவில்லை. நான் போதகர் இல்லை. உளுந்து, துவரை தரகு வியாபாரம் செய்கிறவன். அந்த இரண்டு வருஷத்தில் தடுக்கி விழுந்து கற்றதையும், அதே நிலையில் என்னிடம் வந்தவர்களுக்குப் பயன்பட்டதையும் வரிசைப்படுத்தி எழுதுகிறேன். படிகளை இதே வரிசையில்தான் ஏற வேண்டும் என்றில்லை. ஆனால் முதல் இரண்டையும் தாண்டிக் குதித்தவர்கள் பெரும்பாலும் திரும்பி வந்துதான் ஏறினார்கள்.

தொடங்குமுன் ஒரு சொல்லைப் பார்த்துக்கொள்வோம். தமிழில் 'விசுவாசம்' என்றால் நம்பிக்கை மட்டும்தானா? "அந்த ஆள் முதலாளிக்கு ரொம்ப விசுவாசமானவர்" என்கிறோம். முதலாளியைப் பற்றி அவருக்கு ஒரு சந்தேகமும் கிடையாது என்று அதற்கு அர்த்தமில்லை. முணுமுணுப்பார், கோபப்படுவார், ஆனால் கடையை விட்டுப் போகமாட்டார். என் உள்ளத்தில் உறுதி வற்றிப்போன நாட்களில் இந்த இரண்டாவது அர்த்தம்தான் என்னைப் பிடித்து நிறுத்தியது. சந்தேகத்தோடேயே ஒருவர் விசுவாசமாக இருக்க முடியும். கீழே சொல்வதெல்லாம் அதை எப்படிச் செய்வது என்பதுதான்.

படி 1: எந்தச் சந்தேகம் என்று பாருங்கள்

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். மனதை அரிப்பதை ஒரே வாக்கியமாக எழுதுங்கள். "கடவுள் இருக்கிறாரா?" என்று பொதுவாக எழுதாதீர்கள், அது பரீட்சைக் கேள்வி. "நான் வரிசையில் நின்ற ஆறு மணி நேரம் அவர் எங்கே இருந்தார்?" என்றுதான் நான் எழுதினேன். எழுதிய பிறகு அது எந்த வகை என்று பாருங்கள். என் அனுபவத்தில் நான்கு வகை.

முதலாவது, நிஜமாகவே கேள்வி. மியான்மரில் 2014 கணக்கெடுப்பின்படி 87.9 சதவீதம் பௌத்தர்கள், கிறிஸ்தவர்கள் 6.2 சதவீதம். நம் பிள்ளைகள் பள்ளியிலும் வேலையிலும் பௌத்த நண்பர்களோடுதான் இருக்கிறார்கள். "எல்லாவற்றையும் படைத்தவர் ஒருவர் என்றால் அவரைப் படைத்தது யார்?" என்று டீக்கடையில் கேட்டால், பதில் தெரியாமல் வீட்டுக்கு வருகிறார்கள். இதற்கு மருந்து படிப்புதான். போதகரிடமோ பங்குத்தந்தையிடமோ கேளுங்கள், புத்தகம் வாங்குங்கள். "அப்படியெல்லாம் கேட்கக்கூடாது" என்று பிள்ளையின் வாயை அடைப்பதுதான் நாம் செய்யும் பெரிய தப்பு.

இரண்டாவது, காயம். என்னுடையது அதுதான். கேள்வி போலத் தெரியும், ஆனால் எந்தப் பதிலும் ஒட்டாது. துக்க வீட்டில் தத்துவம் பேசுகிறவரைப் பார்த்து எரிச்சல் வருகிறதல்லவா, அந்த எரிச்சலே அடையாளம்.

மூன்றாவது, அசதி. நான்காவது, வசதி. ஒன்றைச் செய்ய ஆசைப்பட்டுவிட்டோம், வேதம் குறுக்கே நிற்கிறது. அந்த வாரத்தில் பார்த்து வேதத்தின்மேல் சந்தேகம் வரும். இதை மற்றவரிடம் கண்டுபிடிக்கப் போகாதீர்கள். உங்கள் நோட்டில் மட்டும் தேடுங்கள்.

படி 2: சாப்பிடுங்கள், தூங்குங்கள்

எலியா சூரைச்செடியின் கீழே உட்கார்ந்து "போதும் கர்த்தாவே" என்று சாவைக் கேட்டார். தேவதூதன் வந்து பிரசங்கம் செய்யவில்லை. "எழுந்திருந்து போஜனம்பண்ணு" என்றான். தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் இருந்தன. தின்றார், மறுபடி தூங்கினார், மறுபடி தட்டி எழுப்பிச் சாப்பிட வைத்தான். ஓரேபில் கர்த்தர் பேசியது நாற்பது நாள் கழித்து (1 இராஜாக்கள் 19). ஒரு வாரம் சரியாகத் தூங்காதவர், விசுவாசத்தைப் பற்றி எந்த முடிவும் எடுக்க வேண்டாம். தூக்கமின்மையும் சாகத் தோன்றுவதும் தொடர்ந்தால் மருத்துவரிடம் போங்கள், ஜெபம் செய்துகொண்டே போங்கள்.

படி 3: முறையிடுங்கள், உங்களுக்கு வருகிற பாஷையில்

நம்மில் பலருக்கு ஜெபம் என்றால் ஒரு குரல் இருக்கிறது. "பரம தகப்பனே, இந்த நல்ல வேளைக்காக ஸ்தோத்திரம்" என்று ஆரம்பித்தால் தன்னால் ஓடும். அந்தக் குரலில் கோபம் வராது. ஆனால் சங்கீதப் புத்தகத்தில் கோபம் இருக்கிறது. "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" என்று 13ஆம் சங்கீதம் ஆரம்பிக்கிறது. 88ஆம் சங்கீதத்தில் (கத்தோலிக்கர்கள் திருப்பாடல் என்பார்கள்) கடைசி வரி வரை ஆறுதலே கிடையாது. தெரிந்தவர்கள் எல்லாரும் மறைந்துபோனார்கள் என்று அப்படியே முடிந்துவிடுகிறது. அதை யாரும் வேதத்திலிருந்து வெட்டி எடுக்கவில்லை.

செய்ய வேண்டியது எளிது. தினமும் ஒரு பத்து நிமிஷம், கதவைச் சாத்திக்கொண்டு, ஒரு முறையீட்டுச் சங்கீதத்தைச் சத்தமாக வாசியுங்கள். அது முடிந்த இடத்திலிருந்து உங்கள் சொந்த வார்த்தையில் தொடருங்கள். புகழ்ச்சியில் முடிக்க வேண்டிய கட்டாயமில்லை. நம் பிள்ளைகளுக்கு இங்கே ஒரு தனிச் சிக்கல் உண்டு. ஞாயிற்றுக்கிழமை தமிழில் பாடுவார்கள், ஆனால் கனவு காண்பது, சண்டை போடுவது எல்லாம் பர்மியப் பாஷையில். என் தம்பி மகள் ஒரு நாள், "பெரியப்பா, தமிழில் ஜெபம் செய்தால் நான் நல்ல பிள்ளையாகிவிடுகிறேன், அதனால் உண்மை வரமாட்டேன் என்கிறது" என்றாள். பர்மியத்திலேயே செய், அம்மா என்றேன். சபை மூப்பர் ஒருவருக்கு இது பிடிக்கவில்லை. தமிழ் அழிந்துவிடும் என்கிறார். தமிழைக் காப்பாற்ற வேறு நேரம் இருக்கிறது.

பர்மியப் பாஷையில் வேதம் கிடைத்த கதையே இந்தப் படிக்குச் சாட்சி. அமெரிக்க மிஷனரி அதோனிராம் ஜட்சன் 1813 ஜூலையில் ரங்கூனில், அதாவது இன்றைய யாங்கோனில், வந்து இறங்கினார். முதல் ஆளாக மவுங் நோ ஞானஸ்நானம் பெற்றது 1819 ஜூனில். ஆறு வருஷம், ஒரே ஒருவர். 1824இல் ஆங்கிலேயரோடு போர் மூண்டதும் அன்றைய பர்மியத் தலைநகர் ஆவாவில் அவரைச் சிறையில் தள்ளினார்கள். மொழிபெயர்த்து வைத்திருந்த புதிய ஏற்பாட்டுக் கையெழுத்துப் பிரதியை மனைவி ஆன் ஒரு தலையணைக்குள் தைத்து அவரிடம் கொடுத்திருந்தார். இதுவரை பிரசங்கங்களில் கேட்டிருப்பீர்கள். இதற்கு அப்புறம் நடந்ததை அவ்வளவாகச் சொல்வதில்லை. அவர் விடுதலையான பிறகு, 1826 அக்டோபர் 24 அன்று, இன்று ச்சைக்கமி எனப்படும் ஆம்ஹெர்ஸ்டில் ஆன் இறந்தார். சரியாக ஆறு மாதத்தில் கைக்குழந்தை மரியாவும் போனாள். ஜட்சன் ஆட்களை விட்டு விலகி, மௌல்மீன் பக்கத்துக் காட்டில் ஒரு குடிசை போட்டார். ஒரு குழி வெட்டி, அதன் அருகே உட்கார்ந்து தன் சாவை நினைத்துக்கொண்டிருந்தார். ஆன் இறந்த மூன்றாம் வருஷ நாளில் எழுதிய கடிதத்தில், தேவன் தனக்கு அறியப்படாத பெரியவராக இருக்கிறார், அவரை விசுவாசிக்கிறேன், ஆனால் கண்டடையவில்லை என்றார்.

அந்த மனிதர்தான் 1834 ஜனவரி 31 அன்று முழு வேதாகமத்தின் பர்மிய மொழிபெயர்ப்பை முடித்தார். என் நோட்டில் அவருடைய அந்தக் கடித வரியைப் பர்மியத்தில் எழுதி வைத்திருக்கிறேன். 2021 கடைசியில் எனக்கு ஓடிய ஒரே ஜெபம் அதுதான்.

படி 4: அறையை விட்டுப் போகாதீர்கள்

தோமாவைச் 'சந்தேகப் பேர்வழி' என்று கேலி செய்கிறோம். யோவான் 20ஐ மறுபடி வாசியுங்கள். மற்றவர்கள் "கர்த்தரைக் கண்டோம்" என்று குதிக்கிறார்கள்; இவருக்கு மட்டும் ஒன்றும் தெரியவில்லை. எட்டு நாள் கழித்துக் கதவு பூட்டியிருக்கிற அதே வீட்டில் அவரும் உட்கார்ந்திருக்கிறார். நம்பாத ஆள் எட்டு நாள் அங்கே என்ன செய்தார்? சாப்பிட்டிருப்பார், அவர்கள் பாடும்போது வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பார். அவரை அவர்களும் வெளியே தள்ளவில்லை.

ஆகவே, ஆராதனைக்குப் போங்கள். பாட முடியாவிட்டால் பாட வேண்டாம். சாட்சி சொல்ல, ஜெபத்தை நடத்த அழைத்தால், "இப்போது வேண்டாம் அண்ணே, சும்மா உட்கார்ந்திருக்கிறேன்" என்று சொல்லிவிடுங்கள். நான் வீட்டுக்கூட்டப் பொறுப்பை இரண்டு வருஷம் வேறொருவரிடம் கொடுத்துவிட்டு, ஆலயத்தில் நாற்காலி அடுக்கும் வேலையை எடுத்துக்கொண்டேன். நாற்காலி அடுக்க விசுவாசத்தின் உறுதி தேவையில்லை. முதுகு வலிக்காமல் இருந்தால் போதும்.

உண்மையைச் சொல்ல ஒரே ஒரு ஆளையாவது வைத்துக்கொள்ளுங்கள். பத்துப் பேரிடம் சொன்னால் பத்து ஜெபக் குறிப்பாகி, ஞாயிற்றுக்கிழமைக்குள் ஊர் முழுக்கப் போய்விடும்.

படி 5: சோதனை எத்தனை மணிக்கு வருகிறது?

பரீட்சைக்கும் துன்பத்துக்கும் தப்பு செய்யத் தூண்டும் ஆசைக்கும் நாம் சோதனை என்ற ஒரே சொல்லைத்தான் வைத்திருக்கிறோம். காரணம் இல்லாமல் இல்லை. துன்பம் வந்த வீட்டில்தான் ஆசை வந்து நாற்காலி போடுகிறது. இயேசுவிடம் சோதனைக்காரன் வந்ததே நாற்பது நாள் கழித்து, பசி உண்டான பிறகுதான்.

நம் ஊரில் சோதனைக்கு மணியே குறித்திருக்கிறது. டூ-டி என்ற இரண்டிலக்கச் சூதாட்டம் தெரியாதவர் யாங்கோனில் உண்டா? தாய்லாந்துப் பங்குச் சந்தைக் குறியீட்டின் இலக்கங்களிலிருந்து எண் எடுக்கிறார்கள். நண்பகல் 12.01க்கு ஒன்று, மாலை 4.30க்கு ஒன்று. நூறு எண்ணில் ஒன்று விழும். விழுந்தால் கட்டியதற்கு எண்பது சொச்சம் மடங்குதான் தருவார்கள். கணக்குத் தெரிந்த வியாபாரிகளே கட்டுகிறார்கள். கனவில் கண்டது, விபத்தான வண்டியின் நம்பர் எல்லாம் எண்ணாகும். ஆராதனைப் பலகையில் எழுதியிருக்கும் பாட்டு எண்ணைக் கட்டிய ஆட்களையும் எனக்குத் தெரியும். சிரிப்பாகத்தான் இருக்கும், அவர்கள் வீட்டு நகை அடகுக் கடைக்குப் போகும்வரை.

உங்கள் சோதனை டூ-டியாக இருக்கலாம், குடியாக இருக்கலாம், ராத்திரியில் கைப்பேசியாக இருக்கலாம். வழி ஒன்றுதான். இரண்டு வாரம் நோட்டில் நேரம், இடம், கூட இருந்தவர், அதற்கு ஒரு மணி நேரம் முன் நடந்தது ஆகிய நான்கையும் எழுதுங்கள். பாவத்தைப் பற்றி எழுத வேண்டாம், அதற்கு முந்தைய மணியைப் பற்றி எழுதுங்கள். என்னிடம் வந்த ஒரு தம்பிக்கு, கணக்கு முடித்துக் கையில் காசோடு பதினொன்றரைக்கு ஒரு டீக்கடையைத் தாண்டி நடப்பதுதான் வினை. காசை முதலாளியிடமே விட்டுவிட்டுச் சாயங்காலம் மனைவியை வந்து வாங்கச் சொன்னார், டீக்கடையையும் மாற்றினார். அவ்வளவுதான் ஏற்பாடு. இதில் ஆவிக்குரியது என்ன இருக்கிறது என்று கேட்டார். போத்திபாரின் மனைவி பிடித்தபோது யோசேப்பு நின்று ஜெபம் செய்யவில்லை, வஸ்திரத்தை விட்டுவிட்டு ஓடினார் என்றேன். மேல்துணி போனால் போகட்டும்.

படி 6: விழுந்துவிட்டால்

இதில் நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. அன்றைக்கே எழுந்திருங்கள். "ஒரு வாரம் ஒழுங்காக இருந்துவிட்டு ஜெபத்துக்கு வருகிறேன்" என்பவர் அந்த வாரத்தைப் பார்ப்பதே இல்லை. கத்தோலிக்கர்களுக்குப் பாவசங்கீர்த்தனம் இருக்கிறது, போங்கள். மற்றவர்கள் யாக்கோபு 5:16ஐ எடுத்துக்கொண்டு, படி 4இல் சொன்ன அந்த ஒரு ஆளிடம் விஷயத்தைப் பெயர் சொல்லிச் சொல்லுங்கள். "பலவீனத்தில் விழுந்தேன்" என்றால் யாருக்கும் ஒன்றும் புரியாது. "ஐம்பதாயிரம் கியாட் டூ-டியில் கட்டினேன்" என்றால் புரியும்.

படி 7: மன்னிப்பதற்கு முன் கணக்கு எழுதுங்கள்

2016இல் பயின்னவுங் சந்தையில் என் கூட்டாளி உளுந்து பேரத்தில் இருநூற்று நாற்பது லட்சம் கியாட்டை எடுத்துக்கொண்டு போனார். கூடப் படித்தவர், என் மகனுக்கு ஞானத்தகப்பன் மாதிரி. ஒரு மாதத்தில் சபையில் இரண்டு பெரியவர்கள் வந்து "மன்னித்துவிடு தம்பி" என்றார்கள். "மன்னித்துவிட்டேன்" என்றேன். பொய். ஒவ்வொரு முறை உளுந்து விலை ஏறும்போதும் அந்தப் பணம் இருந்திருந்தால் என்று கணக்குப் போட்டேன்.

கர்த்தருடைய ஜெபத்தில் நாம் கேட்பது, எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல எங்கள் கடன்களை மன்னியும் என்பதுதான். கடன் என்றால் தொகை உண்டு. மத்தேயு 18இல் இயேசு சொன்ன கதையிலும் தொகை இருக்கிறது: ஒருவன் பட்டது பதினாயிரம் தாலந்து, இன்னொருவன் பட்டது நூறு வெள்ளிப்பணம். நூறு வெள்ளிப்பணம் அற்பம் என்று பிரசங்கிப்பார்கள். மத்தேயு 20இல் ஒரு பணம் ஒரு நாள் கூலி. அப்படியென்றால் நூறு நாள் கூலி. மூன்று மாதச் சம்பளத்துக்கு மேல் போனவனுக்கு அது அற்பமா? உங்கள் நஷ்டத்தைச் சிறிதாக்கிக் காட்டச் சொல்லி அந்த உவமை கேட்கவில்லை.

முதலில், போனது என்ன என்று வரிவரியாக எழுதுங்கள். நான் எழுதியபோது பணம் ஒரு வரிதான். "இப்போது யாரோடும் கூட்டு சேர முடியவில்லை" என்பது இன்னொரு வரி. "என் மகனுக்கு அவரைப் பற்றி என்ன சொல்வது?" என்பது மூன்றாவது. பணத்தை மன்னிப்பது எளிதாக இருந்தது. மூன்றாவது வரிக்கு வருஷக்கணக்கானது.

அப்புறம், மூன்றைப் பிரித்து வையுங்கள்: மன்னிப்பு, ஒப்புரவு, நம்பிக்கை. மன்னிப்பு உங்கள் கையில் இருக்கிறது. ஒப்புரவுக்கு இரண்டு பேரும் வேண்டும். நம்பிக்கையை அவர்தான் திரும்பச் சம்பாதிக்க வேண்டும். பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் 4ஆம் அதிகாரத்தில் இது அடுத்தடுத்த வசனங்களில் கிடக்கிறது. தன்னைக் கைவிட்டு ஓடியவர்களைப் பற்றி, "அந்தக் குற்றம் அவர்கள்மேல் சுமராதிருப்பதாக" என்கிறார். அதற்கு முந்தைய இரண்டு வசனங்களில், கன்னானாகிய அலெக்சந்தர் வெகு தீமை செய்தான், நீயும் அவனைக்குறித்து எச்சரிக்கையாயிரு என்கிறார். ஒரே பேனா, ஒரே நாள். நான் கூட்டாளியின் மகள் கல்யாணத்துக்குப் போனேன், மொய் எழுதினேன். அவரோடு இனி வியாபாரம் கிடையாது.

இங்கே கொஞ்சம் குரலை உயர்த்துகிறேன். அடி வாங்கி வந்து நிற்கிற பெண்ணிடம் ஏழெழுபது தரம் மன்னிக்க வேண்டும் என்ற வசனத்தைக் காட்டித் திருப்பி அனுப்புவதை நான் பார்த்திருக்கிறேன். அது அநியாயம். மன்னிப்பு என்றால் திரும்பிப் போய் அதே கைக்குக் கீழே நிற்பது என்று எந்த வசனமும் சொல்லவில்லை. அதேபோல, வீடு எரிந்துபோய் வந்தவரிடம் முதல் வாரத்திலேயே மன்னிப்பைப் பற்றிப் பேச எனக்கு வாய் வராது. அவருக்குப் படி 2 வேண்டும், படி 3 வேண்டும். ஏழாவதற்கு அவரே வருவார், வராமலும் இருக்கலாம்.

குடும்பத்தில் வழிவழியாக வருகிற கடனும் உண்டு. 1964இல் அரசாங்கம் ஐம்பது, நூறு கியாட் நோட்டுகளைச் செல்லாது என்று அறிவித்தபோது அப்பா கையில் இருந்த நோட்டுகளை அவர் கடைசிவரை டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தார். கடை போன கதையை நாங்கள் சோற்றோடு சேர்த்துச் சாப்பிட்டு வளர்ந்தோம். யாரை மன்னிப்பது என்றே தெரியாத கடன் அது. நோட்டுகளை நான் எறியவில்லை. ஆனால் என் பிள்ளைகளிடம் காட்டும்போது அப்பாவின் கோபத்தைச் சேர்த்துக் காட்டுவதில்லை. அவர் மறுபடி கைவண்டி தள்ளி ஆரம்பித்ததைச் சொல்கிறேன்.

படி 8: நீங்கள் கேட்க வேண்டிய மன்னிப்பு

தடிஞ்சுட் விளக்குத் திருவிழா வரும்போது பர்மியப் பிள்ளைகள் பெரியவர்கள் வீட்டுக்கு மெழுகுவர்த்தி, பழத்தோடு போய், மண்டியிட்டுக் 'கடோ' செய்வார்கள். உடலால், வாக்கால், மனதால் செய்த பிழைகளைப் பொறுக்கும்படி கேட்பார்கள். பெரியவர் ஆசி சொல்வார். என் கிடங்கில் வேலை செய்கிற பையன்களும் வருஷா வருஷம் வந்து செய்கிறார்கள். மன்னிப்புக் கேட்பதற்கு நாட்காட்டியில் ஒரு நாள் இருப்பது எவ்வளவு நல்லது என்று எனக்குப் பொறாமையாகவே இருக்கும். நமக்கு லெந்து நாட்கள் (தவக்காலம்) இருக்கின்றன. அசைவத்தை விடுகிறோம், வீம்பை விடுவதில்லை.

ஆனால் அந்த வழக்கத்தில் சின்னவர்தான் பெரியவரிடம் கேட்கிறார். நம் வீடுகளில் தலைகீழாக நடக்க வேண்டியது நிறைய இருக்கிறது. அப்பா மகனிடம், மாமியார் மருமகளிடம். எப்படிக் கேட்பது? என்ன செய்தேன் என்று சொல்லுங்கள். 'ஆனால்' என்ற சொல் வந்தால் நிறுத்திவிட்டு மறுபடி தொடங்குங்கள். சகேயு நாலத்தனையாகத் திருப்பித் தருகிறேன் என்றதுபோல, திருப்பிக் கொடுக்கக்கூடியது இருந்தால் அதைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். பதில் உடனே வேண்டும் என்று உட்கார்ந்திருக்காதீர்கள். தேநீர் கொடுத்தால் குடித்துவிட்டு வாருங்கள்.

என் மகனிடம் நான் போனது போன லெந்தில். பெரியக்கா இறந்த வாரத்தில் அவன் அழுதபோது, "விசுவாசி அழக்கூடாது" என்று அதட்டியிருந்தேன். எனக்கே விசுவாசம் இல்லாத வாரம் அது. சொன்னேன். அவன் கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்காமல் "சரிப்பா" என்றான். அப்புறம், உருளையை யாருக்குக் கொடுத்தோம், அந்த ஆள் பிழைத்தாரா என்று கேட்டான். எனக்குத் தெரியவில்லை. மறுநாள் சாயங்காலம் இருவருமாகப் பக்கத்துத் தெருவுக்கு விசாரிக்கப் போனோம்.